ஊர் எல்லையில் முள் வெட்டிப் போடலாமா? ஃப்ளூ பெருந்தொற்று வந்தால் ஓர் ஊராட்சி செய்ய வேண்டியவை

பாலக்கோடு பக்கத்து ஊராட்சி உறுப்பினர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உலகம் முழுக்கப் பரவும் புதிய ஃப்ளூ காய்ச்சல் ஒன்று வந்தால் எங்கள் ஊரில் முதலில் என்ன செய்வது? கொரோனா காலத்தில் செய்தது போல எல்லையை அடைத்துவிடலாமா? வீடு வீடாகக் கஷாயமும் மாத்திரையும் கொடுக்கலாமா? சித்திரையில் பாரதக் கூத்து வேறு இருக்கிறது, அதை நிறுத்த வேண்டி வருமா?"

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவன் அல்லன். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். ஊர் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

எல்லையை அடைக்காதீர்கள். ஃப்ளூ கிருமி உடலுக்குள் போன ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளே, காய்ச்சல் தொடங்கிவிடும். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அந்த ஆள் கிருமியைப் பரப்பத் தொடங்கியிருப்பார். பெங்களூரில் கட்டட வேலைக்கும் ஓசூரில் கம்பெனி வேலைக்கும் போகிறவர்கள் இல்லாத தெரு நம் இரண்டு மாவட்டங்களிலும் எங்கே இருக்கிறது? சனிக்கிழமை இரவு பஸ்ஸில் திரும்பிய பையன் ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தான் இருப்பான். திங்கட்கிழமை படுப்பான். நீங்கள் முள் வெட்டிப் போட முடிவெடுக்கும்போது கிருமி உள்ளே வந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். முள்வேலி தடுத்து நிறுத்தப் போவது நள்ளிரவில் வரும் 108 வண்டியைத்தான். பெரிய நகரங்களோடு தினசரிப் போக்குவரத்து உள்ள ஊருக்குள் ஃப்ளூ வராமல் தடுத்தவர் எவரும் இல்லை. 1957-ல் ஆசியக் காய்ச்சல் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாகச் சென்னையில் இறங்கி, அங்கிருந்துதான் நாடு முழுக்கப் போனது. கப்பல் போக்குவரத்துக் காலத்திலேயே அப்படி என்றால், ஓசூர் தாண்டினால் கர்நாடகம் என்ற நிலையில் உள்ள நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முள் வெட்டச் செலவாகும் நேரத்தில் ஒரு நோட்டு வாங்கிப் பட்டியல் எழுதுங்கள். என் பதிலில் முக்கியமானது இது ஒன்றுதான்.

ஃப்ளூ வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தாமாகவே எழுந்து நடமாடுவார்கள். உயிர் போகும் ஆபத்து சிலருக்குத்தான் அதிகம். அவர்கள் யார் என்பது காய்ச்சல் வருவதற்கு முன்பே தெரியும். கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், அவர்களிலும் குறிப்பாக இரண்டு வயது நிரம்பாதவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், இதயம், சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் கோளாறு உள்ளவர்கள், காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், நெடுநாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரியில் நெடுங்காலம் தூசி சுவாசித்தவர்களையும் நான் இதில் சேர்ப்பேன். அவர்களுடைய நுரையீரல் ஏற்கெனவே பாதி வேலைதான் செய்துகொண்டிருக்கும்.

இந்தப் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்க வேண்டியதுகூட இல்லை. துண்டு துண்டாக உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கர்ப்பிணிகள் விவரம் கிராம சுகாதார செவிலியரிடம், குழந்தைகள் விவரம் அங்கன்வாடியில். சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள் விவரம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலரிடம். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இவர்கள் மூவரையும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பிற்பகல் உட்கார வையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தெரு, கைபேசி எண், பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் பெயர். தனியாக வசிக்கும் முதியவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர். பிள்ளைகள் பெங்களூரில் இருக்க, கிழவனும் கிழவியும் மட்டும் ஆடு மாட்டோடு காட்டுக் கொட்டாயில் இருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. பட்டியலில் விட்டுப்போவதும் அவைதான். அந்த நோட்டு செவிலியர் கையில் இருக்கட்டும். யாருக்குக் காசநோய் என்பது டீக்கடையில் பேசும் செய்தியாகிவிட்டால் அடுத்த முறை ஒருவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

பட்டியல் எதற்கு என்றால், நேரத்துக்காக. ஃப்ளூவுக்கு ஒசெல்டாமிவிர் என்ற மாத்திரை இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதன் முழுப் பலன். வழக்கமாக ஐந்து நாள், நாளுக்கு இரண்டு வேளை. பட்டியலில் உள்ள ஒருவருக்குக் காய்ச்சல் கண்ட அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போய்விட வேண்டும் என்பது இதனால்தான். "இரண்டு நாள் பார்க்கலாம்" என்பது திடமான ஆளுக்குச் சரி. ஏழு மாதக் கர்ப்பிணிக்கு அது தவறான பேச்சு. 48 மணி நேரம் கடந்துவிட்டது என்பதற்காக விட்டுவிடவும் கூடாது. நோய் கடுமையாக இருந்தால் தாமதமாகத் தொடங்கினாலும் மருத்துவர் கொடுப்பார்.

2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது மத்திய அரசு நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. அந்தப் பிரிவினை இன்றைக்கும் நல்ல வழிகாட்டி. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி மட்டும் இருந்தால் ஏ. பரிசோதனையும் வேண்டாம், ஒசெல்டாமிவிரும் வேண்டாம், வீட்டில் ஓய்வு போதும். ஆனால் ஓரிரு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சலும் தொண்டை வலியும் கடுமையாக இருந்தாலோ, ஆள் நம் பட்டியலில் இருந்தாலோ பி. பட்டியல்காரருக்கு, லேசான காய்ச்சலாக இருந்தாலும், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்து. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் போன்ற தூக்கம், சளியில் ரத்தம், ரத்த அழுத்தம் இறங்குவது, நகமோ உதடோ நீலம் பாய்வது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சி. உடனே மருத்துவமனை. ஊரில் எல்லோருக்கும் பரிசோதனை செய்யச் சொல்லிப் போராட்டம் நடத்துவதில் பயனில்லை. பெருந்தொற்று உச்சத்தில் இருக்கும்போது காய்ச்சல் என்றாலே பெரும்பாலும் அதுதான்.

காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதில்தான் எல்லோருக்கும் கண். நான் பார்த்த வரை ஆளைக் கொல்வது வெப்பமானியில் ஏறும் எண் அல்ல, மூச்சு. ஆகவே மூச்சை எண்ணக் கற்றுக்கொடுங்கள். குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் உள்ள சிசுவுக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் காத்திருக்கக் கூடாது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், பாலோ கஞ்சியோ குடிக்க மறுத்தாலும், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலும் அப்படியே. பெரியவர்களுக்கு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உதவும். கொரோனா காலத்தில் வாங்கியது பல வீடுகளில் பரணில் கிடக்கிறது, பேட்டரி மாற்றி எடுத்து வையுங்கள். அதில் காட்டும் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் கிளம்பிவிட வேண்டும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. காய்ச்சல் விட்டு, ஆள் எழுந்து உட்கார்ந்து, "சரியாகிவிட்டது" என்று கூலிக்குப் போன பிறகு, நான்கைந்து நாளில் மறுபடி குளிர் காய்ச்சலும் கெட்டிச் சளியும் வந்தால் அது பெரும்பாலும் நிமோனியா. ஃப்ளூ கிழித்துப் போட்ட நுரையீரலில் பாக்டீரியா குடியேறிவிட்டது என்று பொருள். 1918-ல் இறந்தவர்களில் பெரும்பகுதியினரைக் கொண்டுபோனது இதுதான். அப்போது ஆன்டிபயாட்டிக் கிடையாது, இன்று இருக்கிறது. வந்து காட்டினால் பிழைக்கலாம்.

மலைக் கிராமங்களுக்குத் தனிக் கணக்கு. சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள் சி நிலை வரும் வரை காத்திருக்கக் கூடாது. பி நிலையிலேயே, பகல் வெளிச்சத்திலேயே கீழே இறக்கிவிடுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களில் இரவில் யானை நடமாட்டம் உண்டு. அங்கே நோயாளியை இரவில் தூக்கிக்கொண்டு வருவது இரட்டை ஆபத்து. எந்த வண்டி, யார் ஓட்டுவார், டீசலுக்கு யார் பணம் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இப்போது மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் வருகிறேன். ஒசெல்டாமிவிரை வீடு வீடாக விநியோகிக்காதீர்கள். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. கண்டவர் கையிலும் போனால் வேண்டியவருக்குக் கிடைக்காது, கிருமியும் அதற்குப் பழகிவிடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். குழந்தைகளுக்கு எடை பார்த்துத்தான். நான் அஞ்சுவது மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் "செட்" மாத்திரைக்கு. அதில் ஆன்டிபயாட்டிக் இருக்கும், ஸ்டீராய்டு இருக்கும், வலி மாத்திரை இருக்கும். ஒரே நாளில் காய்ச்சல் இறங்கும், ஆளும் வேலைக்குப் போவார். கிருமி உள்ளே தன் வேலையைப் பார்க்கும். "ஒரு ஊசி போட்டுவிட்டால் விட்டுவிடும்" என்கிற கூட்டத்துக்கும் இதையே சொல்கிறேன். மழைக்காலத்தில் டெங்குவும் சேர்ந்து வரும் பகுதி நம்முடையது. எந்தக் காய்ச்சல் என்று தெரியாதபோது ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் ஆகிய வலி மாத்திரைகள் ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடலாம். ஃப்ளூ கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் எந்தக் காலத்திலும் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிதான, ஆனால் கொடிய ஒரு நோயை அது வரவழைக்கும்.

நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் குடிக்க விரும்புகிறவர்கள் சித்த மருத்துவரிடம் கேட்டுக் குடிக்கட்டும், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் கஷாயம் குடித்தாயிற்று என்று சொல்லி 48 மணி நேரத்தைக் கடத்தினால் சண்டைக்கு வருவேன். விநியோகம் என்ற பெயரில் அண்டாவைச் சுற்றி நூறு பேரை நெருக்கமாக நிறுத்தி, ஒரே டம்ளரை அலசி அலசிக் கொடுப்பதைப் போல ஃப்ளூவுக்கு வசதி வேறு கிடையாது.

தெருவுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதும் புகை அடிப்பதும் இப்படித்தான். புகை கொசுவுக்கு. ஃப்ளூ ஆளுக்கு ஆள் மூச்சிலும் இருமலிலும் கையிலும் போகிறது. ஊராட்சி ஏதோ செய்கிறது என்று தெரிவதற்காகச் செய்யும் செலவு அது. அந்தப் பணத்தில் சோப்பு வாங்கிக் கொடுங்கள். ஃப்ளூ கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். தண்ணீர் இல்லையே என்பார்கள். நனைக்க ஒரு வாய், அலச ஒரு சொம்பு. இடையில் 20 விநாடி தேய்ப்பதற்குத் தண்ணீர் வேண்டாம். ட்ரம்மில் கைவிட்டு மொள்வதற்குப் பதில் குழாய் வைத்த வாளி ஒன்றைப் பள்ளியிலும் ரேஷன் கடையிலும் வைத்தால் போதும்.

வீட்டுக்குள் என்ன செய்வது? "தனி அறையில் இருக்கவும்" என்று நோட்டீஸ் அடிக்கிறவர்கள் நம் தொகுப்பு வீடுகளைப் பார்த்ததில்லை போலும். ஒரே அறை என்றால் நோயாளியைச் சன்னல் ஓரத்திலோ, காற்று வரும் திண்ணையிலோ படுக்க வையுங்கள். மற்றவர்கள் எதிர்த் திசையில் தலை வைத்துப் படுக்கட்டும். விறகு அடுப்புப் புகை அவர் பக்கம் போகக் கூடாது. சொம்பும் துண்டும் தனி. பார்த்துக்கொள்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும், அந்த ஆள் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. முகக்கவசம் இருமுகிறவருக்கு முதலில், கவனிப்பவருக்கு அடுத்து. கேழ்வரகுக் கூழ், கஞ்சி, ரசம், மோர் எது இறங்குகிறதோ அது. மோர் குளிர்ச்சி என்று பயந்து முதியவரைத் தாகத்தில் போடாதீர்கள். சிறுநீர் குறைகிறதா என்று பாருங்கள். ஆவி பிடிக்கக் கொதிக்கும் பானையைக் குழந்தை முன்னால் வைத்து வெந்துபோன கதைகள் எனக்குத் தெரியும், வேண்டாம்.

காய்ச்சல் மாத்திரை போடாமலேயே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகுதான் வெளியே வரலாம். நம் அரசு வழிகாட்டுதல் பொதுவாக ஏழு நாள் ஓய்வு சொல்கிறது. இங்கேதான் எல்லாத் திட்டமும் உடையும். தினக்கூலிக்காரர் ஏழு நாள் வீட்டில் இருந்தால் எட்டாம் நாள் என்ன சாப்பிடுவார்? கூலி போய்விடும் என்ற பயம்தான் காய்ச்சலை மறைக்க வைக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏற வைப்பதும் அதுதான். ஆகவே ஊராட்சியும் மகளிர் குழுக்களும் முதலில் பேச வேண்டியது படுத்திருக்கும் வீட்டுக்கு அரிசி, பருப்பு, காய்கறி போய்ச் சேரும் வழியை. வாராந்திரக் கடன் குழுக் கூட்டங்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். வாரந்தோறும் ஒரே அறையில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் அடைத்து உட்கார வைக்கும் ஏற்பாடு அது. தவணை தவறினால் அவமானம் என்று காய்ச்சலோடும் வருவார்கள். வசூலிப்பவர் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போகட்டும், அல்லது அந்த மாதம் பொறுத்துக்கொள்ளட்டும்.

பள்ளிகளை மூடுவதை அரசு முடிவு செய்யும். காய்ச்சல் உள்ள பிள்ளையை அனுப்பாமல் இருப்பது உங்கள் கையில். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிக நாள் கிருமியைப் பரப்புவார்கள்.

அறிவிப்பு செய்யும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஓசூர், சூளகிரி, தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஏராளம். கம்பெனி விடுதிகளில் வட மாநிலத் தொழிலாளர்கள் நெருக்கியடித்துத் தூங்குகிறார்கள். தமிழில் மட்டும் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டு வந்தால் பாதிப் பேருக்குச் சொல்லவில்லை என்று அர்த்தம். கோழிக்கறி வதந்தியும் நிச்சயம் வரும். நன்றாக வேகவைத்த கோழியும் முட்டையும் ஃப்ளூவைத் தராது. ஆனால் பண்ணையிலோ கொல்லையிலோ கோழிகள் கூட்டமாகச் செத்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

துக்க வீடுகள். ஃப்ளூவில் இறந்தவர் உடலைக் கண்டு அலற வேண்டியதில்லை. மூச்சு நின்ற பிறகு இருமல் இல்லை. முறைப்படி சடங்கு செய்யலாம், தொட்டவர்கள் கை கழுவினால் போதும். ஆபத்து, பந்தலுக்குக் கீழே கட்டிப்பிடித்து அழும் உயிரோடு இருக்கும் கூட்டத்தில். ஊரில் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் பங்காளிகளோடு முடித்துக்கொண்டு, மற்றவர்கள் பிறகு வந்து கேட்கட்டும். யாரையும் அடக்கம் செய்ய விடாமல் மறிக்கும் கொடுமை மட்டும் நம் ஊர்களில் நடக்கக் கூடாது.

கடைசியாகக் கூத்து. 1918-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் காய்ச்சல் பரவத் தொடங்கிய பிறகும், செப்டம்பர் 28 அன்று போர்க்கடன் திரட்டும் ஊர்வலத்தை நடத்தினார்கள். சுமார் இரண்டு லட்சம் பேர் கூடினார்கள். சில நாட்களுக்குள் மருத்துவமனைகளில் படுக்க இடமில்லை. செயின்ட் லூயிஸ் நகரம் தன் ஊரில் காய்ச்சல் பரவத் தொடங்கியதுமே பள்ளிகளையும் கூட்டங்களையும் நிறுத்தியது. உச்ச வாரங்களில் அங்கே சாவு விகிதம் பல மடங்கு குறைவு. அதே ஆண்டு இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் மக்கள் இறந்தார்கள். 1911-க்கும் 1921-க்கும் இடையில் நம் நாட்டு மக்கள்தொகை கூடுவதற்குப் பதில் குறைந்தது, அப்படிக் குறைந்த கணக்கெடுப்புப் பத்தாண்டு அது ஒன்றுதான். முதல் அலை ஜூனில் லேசாக வந்து போயிற்று, செப்டம்பருக்குப் பிறகு வந்த இரண்டாவது அலைதான் வாரிக்கொண்டு போனது. எனவே ஒரு முறை தணிந்ததும் தோரணம் கட்டக் கிளம்பிவிடாதீர்கள். புதிய கிருமிக்குத் தடுப்பூசி தயாராகி வெளிவரக் குறைந்தது நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். அதுவரை நோயைத் தள்ளிப்போடுவதே ஆதாயம். தடுப்பூசி வந்ததும் முதலில் யாருக்கு என்ற கேள்விக்கு அந்த நோட்டே விடை.

கூத்து திறந்த வெளியில் நடப்பது என்பது உண்மை. வீட்டுக்குள் கூடுவதைவிட அது பரவாயில்லை. ஆனால் பதினெட்டு நாள் திருவிழா, இரவு முழுக்கப் பாயில் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பது, வெளியூர் உறவுகள் வந்து வீடு வீடாகத் தங்குவது, அன்னதானப் பந்தி எல்லாம் சேர்ந்தால் நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் வட்டாரத்தில் காய்ச்சல் ஏறுமுகத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள். காப்புக் கட்டியாயிற்று, நிறுத்த முடியாது என்ற நிலை வந்தால் பூசாரியும் கூத்து வாத்தியாரும் தர்மகர்த்தாவும் உட்கார்ந்து, சடங்கு மட்டும் சிலரோடு நடக்க, துரியோதனன் வீழும் படுகளத்தையும் கூத்தையும் தை அறுவடைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று பேசுங்கள். கலைஞர்களுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். அவர்களுக்கு அந்தப் பருவத்துச் சம்பாத்தியமே ஆண்டுக்கான சோறு.

சந்தேகம் வந்தால் 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம், வண்டிக்கு 108. இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கூடவே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண்ணையும், இரவில் வண்டி எடுக்க ஒப்புக்கொண்ட இருவரின் எண்ணையும்.